27 வயது பெட்ரோல் ஓஸ்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்காமல் தஞ்சாவூர் போய்வந்த கதை எங்கள் பக்கத்தில் யாரிடமும் இருக்காது. பங்குனி மாதம், சம்பா நெல்லெல்லாம் கொள்முதலுக்கு வந்து, மூட்டை ஏற்றின சரக்கு ரயில்கள் ஸ்டேஷனில் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கும் நேரம். அம்மாவைத் தஞ்சாவூரில் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு, அம்மாப்பேட்டை வழியாகக் கொரடாச்சேரிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கேட் சாத்தியாகிவிட்டது. எஞ்சினை அணைத்தேன். நல்ல வெயில். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

"ஏண்டா, பெட்ரோல் வாடை அடிக்குதே?" என்றார் அம்மா.

எனக்கும் அடித்தது. உண்மையைச் சொன்னால் பத்து நாளாகவே அடித்துக்கொண்டிருந்தது. பங்கில் போடும்போது சிந்தியிருக்கும் என்று அந்தப் பத்து நாளும் விட்டுவிட்டேன். அன்றைக்கு இறங்கி பானெட்டைத் தூக்கினேன். பெட்ரோல் பம்பிலிருந்து, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் ஓஸின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. கண்ணெதிரே ஒரு சொட்டு திரண்டு, நின்று, விழுந்தது. விழுந்த இடம் எஞ்சின் பக்கவாட்டு. விழுந்த மாத்திரத்தில் ஆவியானது. அதற்கு ஒரு சாண் தள்ளித்தான் புகைக்குழாய் கிளம்பும் இடம், கொதித்துக்கொண்டிருக்கிறது. தலையை நிமிர்த்தினால், பக்கத்தில் நின்ற டாட்டா ஏஸிலிருந்து இறங்கிய ஒருவர் காதிலிருந்து பீடியை எடுத்துத் தீப்பெட்டியைத் தட்டுகிறார்.

"அண்ணே, பத்த வைக்காதீங்க, பெட்ரோல் ஒழுவுது!"

அவர் பீடியைத் தீப்பெட்டியோடு சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். அம்மாவை முதலில் இறக்கிவிடச் சொன்னவர் அவர்தான். பிறகு இரண்டு பேருமாக வண்டியைப் பின்னால் தள்ளி, வரிசையிலிருந்து விலக்கிப் புங்கமர நிழலில் நிறுத்தினோம். அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட் திறந்துவிட்டது, அவர் போய்விட்டார்.

பெட்ரோல் வாடை எனக்கு ஏன் ஓடும்போது தெரியாமல் நிற்கும்போது தெரிந்தது என்று பிறகுதான் விளங்கியது. ஓடும் வண்டியில் முன்னாலிருந்து வரும் காற்று ஆவியை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. நின்றதும் காற்று இல்லை, ரேடியேட்டருக்கும் ஓட்டமில்லை. எஞ்சினை அணைத்தபின் சில நிமிடங்களுக்கு பானெட்டுக்குள் சூடு குறைவதற்குப் பதில் ஏறும். ஓஸில் நிற்கும் பெட்ரோல் அந்தச் சூட்டில் விரிந்து, வெடிப்பு எங்கே இருக்கிறதோ அந்த வழியாகத் தள்ளிக்கொண்டு வரும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே கலைந்து போகாது, வண்டிக்கு அடியில் தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். கேட்டில் வண்டிகள் ஒட்டி ஒட்டி நிற்கும்போது ஒரு வண்டியின் கசிவு அந்த வரிசைக்கே பொதுவாகிவிடுகிறது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வண்டி அப்பா வாங்கியது. 1998-ஆம் வருட மாருதி 800, கார்புரேட்டர் மாடல், வெள்ளை. அப்பா காலமாகி ஆறு வருடம் ஆகிறது. டாஷ்போர்டில் அவர் கைப்பட எழுதிய நாற்பது பக்க நோட்டு ஒன்று இன்னமும் இருக்கிறது. எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில் என்ன மாற்றினார் என்று வரிசையாக எழுதியிருப்பார்: ஆயில், பிளக், பாயிண்ட், கிளட்ச் பிளேட், இரண்டு தடவை டயர், நான்கு தடவை பேட்டரி. அன்றிரவு அதை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். பெட்ரோல் ஓஸ் என்று ஒரு வரிகூட இல்லை. கம்பெனியில் பொருத்திய ரப்பர்தான் 27 வருடமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அப்பாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர் கணக்கு கிலோமீட்டர் கணக்கு. வண்டி மொத்தமே 71,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. ஓடாத வண்டி தேயாது என்று அவர் நம்பினார். நானும் அப்படித்தான் நம்பினேன், ஊரில் பழைய கார் வைத்திருக்கும் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள். டயரின் பட்டனுக்கும் கிளட்ச் பிளேட்டுக்கும் அந்தக் கணக்கு சரி. ரப்பர் ஓஸுக்கு வருடக் கணக்கு. ஷெட்டில் நின்றாலும் அது கிழமாகிறது. காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் ஓசோனும் வெளிப்பக்கத்தைத் தின்கின்றன, பெட்ரோல் உள்பக்கத்தைத் தின்கிறது, சூடு இரண்டையும் வேகப்படுத்துகிறது. நின்றே கிடக்கும் வண்டியில் இன்னும் மோசம். பெட்ரோல் வற்றிக் காய்ந்த ஓஸ் சுருங்கும், மறுபடி நனைந்தால் ஊதும். நாலு மாதம் ஓட்டாமல் வைத்து, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எடுக்கும் வண்டிகளைத்தான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சென்னையிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், மன்னார்குடியில், கும்பகோணத்தில், எத்தனை ஷெட்டுகளில் இப்படி உறை போர்த்தி நிற்கின்றன! அடுப்படியில் கேஸ் டியூபை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றுகிறோம். அதே வீட்டு வாசலில் நிற்கும் காருக்குள் இருக்கும் டியூபை யாரும் கேட்பதில்லை.

நீடாமங்கலத்தில் அன்றைக்கு ஒரு பட்டறைப் பையன் வந்து, மோட்டார் சைக்கிளுக்குப் போடும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபை வெட்டி மாட்டிவிட்டு, "வீடு வரைக்கும் போயிரலாம்ணே" என்றான். போய்விட்டேன். அவசரத்துக்கு உதவினான், நன்றிதான். ஆனால் அதையே நிரந்தரமாக விட்டவர்களை எனக்குத் தெரியும். எட்டாவது நாள் அந்த டியூப் மஞ்சளாகி, முனையில் விறைத்து, கையால் திருகினால் பிளாஸ்டிக் பேனா ரீஃபில் மாதிரி மடங்காமல் நின்றது. எஞ்சின் சூட்டுக்கும் பெட்ரோலுக்கும் ஆன பொருள் இல்லை அது.

கழற்றிய பழைய ஓஸை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து பிளேடால் நீளவாக்கில் கிழித்து வெயிலில் விரித்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் பார்க்க நன்றாகவே இருந்தது, கறுப்பு, கொஞ்சம் மங்கல். வளைத்தபோதுதான் மயிரிழை மயிரிழையாக வெடிப்புகள் வாய் திறந்தன. உள்பக்கம்தான் என்னைப் பயமுறுத்தியது. கோடையில் தண்ணீர் வற்றிய வயல் பாளம் பாளமாக வெடித்திருக்குமே, அதையே விரல் நீளத்துக்குச் சுருக்கியதுபோல் இருந்தது. நகத்தால் கீறினால் கரித்தூள்போல் உதிர்ந்தது. கிளிப் இறுக்கியிருந்த முனையில் மட்டும் வேறு மாதிரி. அங்கே ரப்பர் கட்டையாகி, கிளிப்பின் தடம் பள்ளமாகப் பதிந்து, அந்தப் பள்ளத்தின் ஓரத்தில்தான் முழு வெடிப்பு. நடுவில் இருந்த நூல் பின்னல் நனைந்து பழுப்பேறியிருந்தது. அந்த நூலின் வழியாக பெட்ரோல் ஊறி ஊறி நகர்ந்து வேறோர் இடத்தில் சொட்டியிருக்கிறது. சொட்டும் இடத்தில் ஓட்டையைத் தேடினால் கிடைக்காது. வரப்பில் நண்டு வளை வைத்தால் தண்ணீர் இந்தப் பக்கம் புகுந்து எங்கோ தள்ளி அந்தப் பக்கம் கிளம்புமே, அதேதான்.

பெட்ரோல் ஃபில்டரில் கொஞ்ச நாளாகக் கரும்புள்ளிகள் சேர்ந்ததை டேங்க் துரு என்று நினைத்திருந்தேன். காந்தத்தைக் காட்டினால் ஒட்டவில்லை. ஓஸின் உட்சுவர்தான் உதிர்ந்து வந்திருக்கிறது.

இந்த இடத்தில் எத்தனாலைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2022 ஜூனில் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் என்ற அளவை நாடு எட்டியது. 2030-க்கு வைத்திருந்த 20 சதவீத இலக்கை முன்னால் இழுத்து, 2025-லேயே எட்டிவிட்டார்கள். கரும்பிலிருந்தும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்தும் வருவது அது. உடைந்த அரிசி, மக்காச்சோளம், இந்திய உணவுக் கழகத்தின் உபரி அரிசி எல்லாமும் போகிறது. நெல்லும் கரும்பும் போடும் ஊர்க்காரனாக எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் 1998-இல் ஓஸ் செய்தவர்கள் இந்தப் பெட்ரோலை நினைத்துச் செய்யவில்லை. பழைய வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். வெறும் பெட்ரோலுக்கு நன்றாகத் தாங்கும். எத்தனால் சேர்ந்தால் கூடுதலாக ஊதும், ரப்பரை வளைந்துகொடுக்க வைக்கும் எண்ணெய்ப் பொருள்கள் கரைந்து வெளியேறும், பிறகு விறைக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் மாதக்கணக்கில் பாதி டேங்கோடு நிற்கும் வண்டியில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்க வாய்ப்புண்டு, தகர டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும். 20 சதவீதத்துக்கு ஏற்ற ரப்பரும் பிளாஸ்டிக்கும் போட்டு கார்கள் வரத் தொடங்கியது 2023-இல்தான்.

என்றாலும் எல்லாப் பழியையும் எத்தனால் தலையில் போடுவது சரியில்லை என்பது என் எண்ணம். 27 வருட ரப்பர் எந்தப் பெட்ரோலிலும் வெடிக்கும். எத்தனால் நாளைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் பகுதிக்கென்று இன்னும் இரண்டு ஆபத்து உண்டு. ஒன்று எலி. தை, மாசியில் அறுப்பு முடிந்ததும் வயல் எலி வீட்டுப் பக்கம் வரும். வயலில் தஞ்சாவூர் கிட்டி வைத்துப் பிடிக்கிறோம், கார் ஷெட்டில் யார் வைக்கிறார்கள்? நின்ற எஞ்சின் மேல் வைக்கோலை இழுத்துவந்து கூடு கட்டும். ஒயரைக் கடிப்பதுபோல் பெட்ரோல் ஓஸையும் கடிக்கும். பக்கத்து வீட்டில் புது ஓஸையே ஒரு ராத்திரியில் கொறித்துவிட்டது. மற்றது, ரோட்டில் காயப்போடும் உளுந்து, பயத்தஞ்செடி. வண்டிகள் ஏறி ஏறி அடிபடட்டும் என்று பரப்பி வைப்பார்கள். தாழ்வான காருக்கு அடியில் அது சுருட்டிக்கொண்டு சைலன்சரோடு ஒட்டினால், காய்ந்த சருகு அந்தச் சூட்டுக்குப் பற்றிக்கொள்ளும். மேலேயே பெட்ரோல் லைன் ஈரமாக இருந்தால் பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. நான் இப்போது அப்படிப்பட்ட இடத்தைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தி, குனிந்து அடியில் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். ஒரு நிமிட வேலை.

எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அப்பா காலத்திலிருந்து இந்த வண்டியைத் தொடுகிறவர். ஒடிந்த ஓஸைக் கையில் வாங்கி மடக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒண்ணு மாத்துனா பத்தாது. கூடப் பொறந்ததெல்லாம் இதே வயசுதானே" என்றார். அந்த ஒரு பேச்சு என்னைப் பிடித்துக்கொண்டது. கசிகிற ஓஸை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். பானெட்டுக்குள் மூன்று நான்கு துண்டுகள் இருக்கின்றன: வண்டியின் தரைக்கடியில் வரும் இரும்புக் குழாயிலிருந்து ஃபில்டருக்கு, ஃபில்டரிலிருந்து பம்புக்கு, பம்பிலிருந்து கார்புரேட்டருக்கு, மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன். அவை கண்ணில் படும். பின்னால் டேங்க் அருகே இருப்பவை கண்ணில் படாது: போகும் ஓஸ், திரும்பும் ஓஸ், ஆவி போகும் ஓஸ், பெட்ரோல் போடும் வாயிலிருந்து டேங்குக்கு இறங்கும் பருத்த ஓஸ், அதன் பக்கத்திலேயே காற்று வாங்கும் ஓஸ். சேறும் தண்ணீரும் அடிப்பது அவற்றின் மேல்தான்.

ஓஸ் வாங்கத் திருச்சி போனேன். பக்கத்து டவுன்களில் கேட்டபோது நீட்டியதெல்லாம் எழுத்தே இல்லாத கறுப்பு ரப்பர். தண்ணீர் ஓஸா, காற்று ஓஸா, பெட்ரோல் ஓஸா என்று சொல்ல வழியில்லை. பெட்ரோல் ஓஸ் என்றால் அதன் முதுகில் அச்சடித்திருக்க வேண்டும். எஸ்.ஏ.இ. ஜே-30 என்பது அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் வைத்த தரம், அதற்குப் பின்னால் வரும் ஆர்-6, ஆர்-7, ஆர்-9 என்பது வகை. ஆர்-6, ஆர்-7 கார்புரேட்டர் வண்டிகளின் குறைந்த அழுத்தத்துக்குப் போதும். எங்கள் வண்டியின் மெக்கானிக்கல் பம்ப் தள்ளும் அழுத்தம் 0.3 பார் அளவுக்குள்தான். ஆர்-9 இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கானது, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை அழுத்தத்தோடு எஞ்சினுக்குள் பீய்ச்சும் வண்டிகளுக்கு. அதன் உட்சுவரில் ஃப்ளூரோ ரப்பர் படலம் இருக்கும், எத்தனாலுக்கு அசைந்துகொடுக்காது. கடைக்காரர் சாதாரண ஓஸைப்போல் மூன்று மடங்கு விலை சொன்னார். அதையே வாங்கினேன். மூன்று மீட்டர் ஓஸில் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது?

அளவில் ஒரு சங்கதி. பழைய ஓஸின் துளையை அளந்து வாங்கினால் பெரியதாகிவிடும், ஏனென்றால் அது ஊதியிருக்கும். ஓஸ் மாட்டும் இரும்புக் குழாயின் வெளி விட்டத்தை வெர்னியரில் அளக்க வேண்டும். கொஞ்சம் பெரிசு, கிளிப்பை இறுக்கினால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கிளிப்பும் அப்படித்தான். பட்டையில் வரிசையாக ஓட்டை போட்ட சாதாரணத் திருகு கிளிப், இறுக்க இறுக்க அந்த ஓட்டைகளின் வழியாக ரப்பரைப் பிதுக்கி அறுத்துவிடும். பட்டை வழுவழுப்பாக, ஓரம் மேல்நோக்கி மடித்து, சிறு போல்ட் நட்டோடு வருகிற இன்ஜெக்‌ஷன் கிளிப் கேட்டு வாங்கினேன். பதினெட்டு கிளிப்.

வேலையை மெக்கானிக் அண்ணனும் நானும் சேர்ந்தே செய்தோம். காலை ஆறரை மணி, எஞ்சின் இரவெல்லாம் ஆறியிருந்தது. ஷெட்டிலிருந்து வெளியே தள்ளி வேப்பமரத்தடியில் நிறுத்தினோம். குழிக்குள்ளோ நான்கு சுவருக்குள்ளோ இந்த வேலை கூடாது, ஆவி தங்கும். முதல் காரியம் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றியது. பிறகு டேங்க் மூடியைத் திறந்து உள்ளே நிற்கும் அழுத்தத்தை விட்டோம். பவுடர் தீயணைப்பான் ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தேன். மணலும் ஒரு வாளி. விளக்கென்று பேட்டரி டார்ச் மட்டும். ஒயர் போட்ட குண்டு பல்பைக் கொண்டுபோய் அடியில் வைத்து, அது உடைந்து தீப்பிடிப்பது பட்டறைகளில் நடப்பதுதான்.

டேங்க் பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுக்க நான் விடவில்லை. ஊரில் எல்லோரும் செய்கிறார்கள். ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனாலே நுரையீரல் வெந்து காய்ச்சலில் படுக்க வேண்டிவரும். கைப்பம்ப் விலை அதிகமில்லை.

இன்ஜெக்‌ஷன் வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: அதில் எஞ்சினை அணைத்தபிறகும் லைனில் 3 பார் அளவுக்கு அழுத்தம் நிற்கும், ஓஸைக் கழற்றினால் முகத்தில் பீய்ச்சும். பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டு, அது தானாக அணைந்தபிறகுதான் தொட வேண்டும்.

பழைய ஓஸைப் பிடித்து இழுக்க அண்ணன் விடவில்லை. ரப்பர் குழாயோடு ஒட்டிப்போயிருக்கும், இழுத்தால் பம்பின் மூக்கு வளையும், கார்புரேட்டரில் அது உடையவும்கூடும். பிளேடால் நீளவாக்கில் கீறி, வாழைப்பட்டையை உரிப்பதுபோல் உரித்தெடுத்தார். கீறும்போது குழாயில் கோடு விழக் கூடாது, அந்தக் கோடே நாளைக்குக் கசியும் வழி. ஒவ்வொரு குழாய் முனையையும் பழந்துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்தார். டேங்க் பக்கம் ஓர் இரும்புக் குழாய் முனையில் துரு கொப்புளம் விட்டிருந்தது. மெல்லிய எமரித் தாளால் தேய்த்தபோது அடியில் நல்ல இரும்பு தெரிந்தது. தெரியாமல் போயிருந்தால் அந்தக் குழாயையும் மாற்றியிருக்க வேண்டும்.

புது ஓஸைக் கூர்மையான பிளேடால் நேராக வெட்டினோம். கட்டிங் பிளேயரால் நசுக்கி வெட்டினால் உட்படலம் பிரியும். குழாயின் முனையில் மேடாக ஒரு வளையம் இருக்கும். ஓஸ் அதைத் தாண்டி ஓர் அங்குலமாவது ஏற வேண்டும், கிளிப் அந்த மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே கிளிப்பைப் போட்டால் வழுக்கும். நெளிவுகளில் மடிப்பு விழாமல் கொஞ்சம் நீளமாகவே விட்டோம், புகைக்குழாயிலிருந்து தள்ளி, பாடி விளிம்பில் உரசாமல். ஃபில்டரும் புதிது, அம்புக்குறி எஞ்சினைப் பார்த்து.

ஒவ்வொரு கழற்றிய துண்டையும் சாக்கின் மேல் வரிசையாக வைத்துக்கொண்டே வந்தேன். எட்டுத் துண்டு, டேங்குக்கு இறங்கும் பருத்த ஓஸ் நீங்கலாக. ரிட்டர்ன் ஓஸ் முன்னதைவிட மோசம். கையில் எடுத்ததும் முனை ஒடிந்து உள்ளங்கையில் தங்கியது. கேட்டில் கசிந்ததை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்தது இதுதான்.

பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்ய இருபது வினாடி பிடித்தது, காலியான லைனில் பெட்ரோல் ஏற வேண்டுமே. பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, இன்னும் பத்து நிமிடம் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்புதான் சரியான சோதனை. பிறகு வெள்ளைக் காகிதத்தைக் கிழித்து ஒவ்வொரு இணைப்பையும் சுற்றி ஒற்றியெடுத்தேன். பதினைந்தில் காகிதம் காய்ந்தே இருந்தது. பம்பின் வாயில் ஒன்றில் மட்டும் ஒரு மிளகளவு ஈரம். அண்ணன் கால் சுற்று இறுக்கினார், மறுபடி ஒற்றினேன், இல்லை.

நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லாக் கிளிப்பையும் ஒருமுறை பார்க்கச் சொன்னார். பார்த்தேன். இரண்டில் இடம் கொடுத்திருந்தது. அப்பாவின் நோட்டில் அடுத்த காலி வரியில் தேதி போட்டு, "பெட்ரோல் ஓஸ் எல்லாம், கிளிப், ஃபில்டர்" என்று எழுதினேன். பக்கத்தில் கிலோமீட்டர் எழுதும் இடத்தில் வருடத்தை எழுதி, கீழே 2031 என்று கோடிட்டு வைத்திருக்கிறேன்.

பெட்ரோல் போடும் வாயிலிருந்து இறங்கும் அந்தப் பருத்த ஓஸ் மட்டும் இன்னும் வரவில்லை. அது வளைத்து வார்த்த ஓஸ், மீட்டரில் வெட்டி வாங்க முடியாது. வியாழக்கிழமை வந்துவிடும் என்று திருச்சிக் கடையில் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை டேங்கைப் பாதிக்கு மேல் நிரப்புவதில்லை. அம்மாவுக்கு அடுத்த கண் பரிசோதனை அதற்கு அடுத்த செவ்வாய்.